சித்தி பரீதா எழுதிய சூரியக் கொப்பி

“சூரியன் மணி மாதிரி அதிருது எண்டா, அத அடிக்கிற ஆரு?”

வேலிக்கு அந்தப் பக்கம் அகப்பையும் கையுமாக நின்று சித்தி பரீதா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போது நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். “எங்கட பாடத்தில அது இல்ல மாமி” என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். “அப்ப என்னத்தத்தான் படிப்பிக்கிறாங்க உங்களுக்கு?” என்று சிரித்துக்கொண்டே அவர் குசினிக்குள் போய்விட்டார்.

இன்றைக்கு அந்தப் பதில் தெரியும். சூரியனை வெளியே இருந்து யாரும் அடிப்பதில்லை. உள்ளே கொதித்துப் பொங்கும் வாயு ஓயாமல் மேலே வந்து முட்டுகிறது. சோற்றுப் பானையின் மூடி தடதடப்பதுபோலச் சூரியனின் முகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பதில் தெரிந்த பிறகு அதைப் போய் அவரிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

சித்தி என்பது இங்கே உறவுமுறை இல்லை, பெயரே சித்தி பரீதாதான். குறிஞ்சாக்கேணியில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். கணவர் பாயிஸ் இறந்து ஆறு வருடம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் எழுத்து அச்சில் வார்த்ததுபோல இருக்கும். பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பமோ சமுர்த்தி உதவிப்பணப் படிவமோ, அந்த ஒழுங்கையில் இருப்பவர்கள் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். “பரீதா ராத்தா நிரப்பினா ஒப்பீசில திருப்பி அனுப்பமாட்டாங்க” என்பார்கள், அக்காவை ராத்தா என்றே அழைக்கும் எங்கள் ஊரார். ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்காது. தெரியாத இடத்துக்கு ஆளை வீட்டுக்குத் துரத்திக் கேட்டு வரச்சொல்லியாவது நிரப்புவார்.

எதையும் குறையாக விடுவது அவருக்குப் பிடிக்காது. தவறிப்போன தொழுகையைப் பிறகு அதே கணக்கில் தொழுது நிறைவேற்றுவதை எங்கள் ஊரில் களா என்பார்கள். ஒருமுறை காய்ச்சலில் நினைவில்லாமல் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தவர், அன்றைக்கே பாயை விரித்து, பதினைந்து நேரத் தொழுகையையும் வரிசை பிசகாமல் தொழுது முடித்தார். “கொஞ்சம் ஆறித் தொழலாமே உம்மா” என்று இளைய மகள் ரிஸ்லா கெஞ்சியபோது, “கடனோட படுத்தா நித்திர வராது மகள்” என்றார்.

ரிஸ்லா கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி புருசனோடு தாயின் வளவுக்குள்ளேயே குடியிருந்தாள். மூத்தவள் சனூஸாதான் சூரியனை வீட்டுக்குள் கொண்டுவந்தவள்.

சனூஸா கெம்பஸில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடித்து, மற்றப் பட்டதாரிகளைப் போல ஒரு அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்திருந்தாள். ஆனால் அவள் மனம் அங்கே இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சூரியனின் உட்புறத்தை ஆராயும் சிறு குழு இருந்தது. அந்தக் குழுவோடு போய்ப் படிக்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

என்ன படிக்கப் போகிறாள் என்று உம்மாவுக்கு அவள் குசினியில் இருந்து விளக்கியது இப்படி:

“சூரியன்ட நடு மையத்தில இருந்து நியூத்திரினோ எண்டு ஒரு துணிக்கை வருது உம்மா. கோடி கோடியா வருது. உங்கட கைக்குள்ளால, இந்தச் சுவருக்குள்ளால, பூமிக்குள்ளால எல்லாம் போகுது. ஒண்டிலயும் முட்டாது. அத எண்ணிப் பாத்தாங்க. கணக்குப்படி வர வேண்டியதில மூணில ஒரு பங்குதான் வந்திச்சு.”

“மத்தது?”

“முப்பது வருசமாத் தேடினாங்க. கடைசியில பாத்தா ஒண்டும் குறையல்ல. வாற வழியில வேற வகையா மாறிட்டு. இவங்க ஒரு வகையத்தான் எண்ணியிருக்காங்க. மாறி மாறி அலையிற குணம் அதுக்கு.”

சித்தி பரீதா தேங்காய்ப் பாலைப் பிழிந்தபடி யோசித்தார். “உங்கட வாப்பாவும் அப்பிடித்தான். கடைக்குப் போகக்குள்ள ஒரு ஆள், திரும்பி வரக்குள்ள வேற ஆள்.”

சனூஸா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மிச்சத்தைச் சொன்னாள். சூரியனின் முகம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதிர்வதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். நடு மையத்தில் மணிக்கணக்காக மெதுவாக ஆடும் ஆட்டம் ஒன்று இருக்க வேண்டும் என்கிறது கணக்கு. அதைத்தான் இன்னும் யாரும் ஐயமில்லாமல் பிடிக்கவில்லை. அதைப் பிடித்தால், அந்த ஆட்டத்தோடு சேர்ந்து நியூத்திரினோவின் வரவும் கூடிக் குறைகிறதா என்று பார்க்கலாம். அவளுடைய கேள்வி அதுதான்.

அந்தக் குழு ஆண்டுக்கு ஒருவரைத்தான் எடுக்கும். அவளுக்குக் கெம்பஸில் படிப்பித்த சேர் தொலைபேசியில் சொன்னார். “புள்ளிகள் மட்டும் காணாது பிள்ளை. நீங்களாச் செய்த ஒரு வேலையைக் காட்ட வேணும்.”

2022 ஜூன் நடுப்பகுதி அது. நாடு இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, ஒவ்வொரு நாளும் மின்வெட்டு. நின்ற மின்சாரம் ஒரு நாள் திடீரென்று திரும்பி வந்தபோது சனூஸாவின் பழைய கணினி புகைந்து செத்துப்போனது. மிஞ்சியது கைத்தொலைபேசி மட்டும்.

ஆனால் வழி ஒன்று இருந்தது. ஒரு விண்கலம் அளப்பதை இணையப் பக்கம் ஒன்று பத்து நிமிடத்துக்கு ஒரு எண்ணாக வெளியிட்டது. சூரியனின் முகம் எங்களை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்ற வேகம் அது. முன்னால் ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி, பின்னால் மூன்று இலக்கம். அந்தப் பக்கத்தில் நடப்பு எண் மட்டும்தான் நிற்கும். பழைய எண்கள் வேறு ஒரு களஞ்சியத்தில் இருந்தன, அதைத் திறக்க நிறுவனம் ஒன்றின் அனுமதி வேண்டும். ஆகவே கையால் எழுதுவது என்று முடிவாயிற்று. காலை ஏழிலிருந்து மாலை ஐந்துவரை ஒரு நாளைக்கு அறுபது எண்கள். சனூஸா அலுவலகம் போனால் எழுதுவது யார்?

“நான் எழுதுறன்” என்றார் சித்தி பரீதா. “எழுத்துத்தானே. எனக்கு விளங்கத் தேவையில்லையே?”

தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி வந்தார்கள். சனூஸா பழைய போன் ஒன்றைக் கொடுத்தாள். மிளகாய்த்தூள் போத்தலில் அது சாய்ந்து நிற்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கூவும். மீன் கழுவிக்கொண்டிருந்தாலும் கையைத் துடைத்துவிட்டு ஓடி வந்து எழுதுவார். ஒழுங்கையில் இது பெரிய பகிடியாகிவிட்டது.

“என்ன ராத்தா, சூரியனுக்கு நாடி பாக்கிறீங்களாம்?” என்று அடுத்த வீட்டு அஸ்மியா வேலியால் எட்டிக் கேட்டாள்.

“ஓம். உங்கட புருசனுக்கும் பாக்கவா? எழும்புற நேரத்தப் பாத்தா அடிக்குதோ எண்டு சந்தேகமா இரிக்கு.”

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று பலி கொடுத்துப் பங்கிட்ட குர்பான் இறைச்சி வந்து குவிந்திருந்தபோதும் அவர் கொப்பியை விடவில்லை. அந்தப் பக்கத்தில் மஞ்சள் கறை இருந்தது. எண்கள் மட்டும் நேர்வரிசையில் நின்றன.

தொடங்கிய முதலாம் நாள் பகலில் மின்சாரம் நின்றது. எங்கள் பக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நாற்பது நிமிட வெட்டு. நேரம் நாளுக்கு நாள் மாறும், நீளம் மாறாது. மின்சாரம் நின்றால் தொலைபேசிக் கோபுரமும் டீசல் இல்லாமல் செத்துவிடும். அன்று பின்னேரம் சனூஸா கொப்பியைத் திறந்தபோது பத்துக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

“சே, முதல் நாளே ஓட்டை உழுந்திட்டு” என்று அவள் பெருமூச்சு விட்டாள். அலுத்துப்போய் வந்த களைப்பில் வந்த வார்த்தை அது. சொன்னதை அவள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மறந்துவிட்டாள். உம்மா மறக்கவில்லை.

அடுத்த நாளில் இருந்து கொப்பியில் ஓட்டை இல்லை.

“இண்டைக்குக் கரண்ட் போகல்லயா உம்மா?”

“போச்சு. நான் பாத்துக்கிட்டன்.”

களப்பின் தண்ணீர்க் கரையோரம் நடந்தால் வேறு கோபுரத்தின் சிக்னல் பிடிக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். உம்மா வெயிலில் அங்கே போய் நிற்கிறார் என்று சனூஸா எண்ணிக்கொண்டாள். உண்மையில் முதல் சில நாள் அவர் போனதும் உண்டு. மகள் தன் குடையை வாசல் கதிரையில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

தொண்ணூறு நாள் போனது. செப்டெம்பரில் சனூஸா ஐயாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு எண்களையும் நண்பி ஒருத்தியின் மடிக்கணினியில் ஏற்றி, அவற்றுக்குள் ஏதாவது தாளம் இருக்கிறதா என்று தேடும் கணக்கை ஓடவிட்டாள். வரைபடத்தில் புல்லுக்கு நடுவே தென்னைபோல ஒரு கோடு எழும்பி நின்றது. நூறு நிமிடத்துக்கு ஒருமுறை வரும் ஆட்டம்.

அவள் துள்ளவில்லை. பயந்தாள். சில பத்தாண்டுகளுக்கு முன் பெரிய பெரிய விஞ்ஞானிகள் சூரியனில் நூற்று அறுபது நிமிட ஆட்டம் ஒன்றைக் கண்டதாகச் சொல்லி, பிறகு அது ஒரு நாளின் சரியாக ஒன்பதில் ஒரு பங்கு என்றும், பூமி சுழல்வதால் வந்த போலி என்றும் தெரியவந்ததை அவள் படித்திருந்தாள். உடனே தானும் பிரித்துப் பார்த்தாள். ஒரு நாளுக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது நிமிடம். நூறால் பிரித்தால் பதினான்கு தசம் நான்கு. மீதி நின்றது. நாளோடு ஒட்டவில்லை. அதன் பிறகுதான் உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

ஒரு மணி நாற்பது நிமிடம் என்பதை மூன்று மாதமாக வானொலியில் கேட்டிருக்கிறாள். நூறு நிமிடம் என்று இப்போது தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். இரண்டும் ஒன்று என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முதல் நாளுக்குப் பிறகு கொப்பியில்தான் ஓட்டையே இல்லையே.

பதினொரு பக்கத்தில் கட்டுரை எழுதி அனுப்பினாள். அந்தக் குழுவின் பேராசிரியர் இரண்டு தடவை இணையத்தில் பேசினார். கையெழுத்துக் கொப்பியின் படங்களைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு உழைப்பைத் தான் கண்டதில்லை என்றார். இடம் ஏறக்குறைய உறுதி, தரவைக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் கடிதம் வரும் என்றார். சித்தி பரீதா ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார். “மகள் போறா. சூரியன்ட அடிப் பகுதியப் படிக்க.” குளிருக்கு என்று அலுமாரியில் இருந்த கம்பளியை எடுத்துத் தாழ்வாரத்துக் கொடியில் காற்றாடப் போட்டார்.

டிசம்பரில் கடிதம் வந்தது. நான்கு வரிதான். தொடக்கத்துச் சில நாள் தவிர, ஒவ்வொரு நாளும் பத்து எண்கள் களஞ்சியத்தோடு பொருந்தவில்லை. அந்தப் பத்தும் அவற்றுக்கு முன்னால் உள்ள பத்தோடு அப்படியே பொருந்துகின்றன. இவை எங்கிருந்து வந்தன என்று தயவுசெய்து விளக்கவும்.

சனூஸா கொப்பியைத் திறந்தாள். பார்க்கத் தெரிந்தவருக்கு அது கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. மேலே பத்து எண், கீழே அதே பத்து எண். அதே வரிசை. அந்தச் சில நாள் தவிர எல்லா நாளிலும். பொருந்தாத எண்களை எல்லாம் நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓடவிட்டாள். தென்னை இல்லை. புல் மட்டும்தான்.

அவள் மூன்று நாள் யாருக்கும் சொல்லவில்லை. கம்பளி இன்னும் கொடியில் கிடந்தது. நான்காம் நாள், எல்லாவற்றையும் தமக்கையின் வாயில் இருந்து பிடுங்கி எடுத்த ரிஸ்லா, உம்மாவுக்கு முன்னால் வெடித்துவிட்டாள்.

“ராத்தாட படிப்பில மண்ண அள்ளிப் போட்டீங்களே உம்மா! இல்லாத எண்ண எல்லாம் ஆரு உங்களுக்கு எழுதச் சொன்ன?”

சித்தி பரீதா விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சனூஸா கொப்பியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“இந்தப் பத்தும் எங்க இருந்து எடுத்தீங்க உம்மா?”

“மேல இருந்து.” அவர் விரலை வைத்துக் காட்டினார். “கரண்ட் போனா விடுபடுது. நீங்க ஓட்டை எண்டு கவலப்பட்டீங்க. தொழுகை விட்டா களா இல்லையா? அதே எண்ணிக்கை, அதே வரிசை. நான் ஒண்டும் கூட்டவுமில்ல, ஒண்டும் குறைக்கவுமில்ல மகள்.”

கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் போதும், கணக்குக்கு அதைத் தாண்டிப் போகத் தெரியும் என்று அவள் தொடங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுதுவதற்கு விளங்கத் தேவையில்லை என்று உம்மா சொன்னபோது அவளும் ஆமென்றுதான் நினைத்தாள்.

“அப்ப, நான் பொய் எழுதியிரிக்கனா?” என்று கேட்டார் சித்தி பரீதா.

“இல்ல உம்மா.”

“பொறகு?”

சனூஸா கொப்பியை அவர் மடியில் இருந்து எடுத்து மூடினாள்.

அன்று மாலை சித்தி பரீதா தொழுதுவிட்டு வந்து, அந்தப் பேராசிரியருக்குத் தான் கடிதம் எழுத வேண்டும் என்றார். சனூஸா எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. தன் கையெழுத்திலேயே தமிழில் எழுதினார். மகளுக்கு இது தெரியாது, எழுதியவள் நான், விட்டதை விட்டதாக வைக்கக் கூடாது என்று நினைத்தேன், என்னைத் தண்டியுங்கள், பிள்ளையை விடுங்கள் என்று அரைப் பக்கம். சனூஸா அதைப் படமெடுத்து, கீழே ஆங்கிலத்தில் பெயர்த்து, தன் பங்குப் பிழையையும் எழுதி அனுப்பினாள்.

பத்து நாளில் பதில் வந்தது. அது உம்மாவின் பெயருக்கு வந்தது. சித்தி பரீதா கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, “வரி வரியாச் செல்லுங்க. ஒண்டும் விடாம” என்றார்.

சனூஸா தொலைபேசியைப் பிடித்தபடி தமிழில் சொன்னாள். “மதிப்புக்குரிய அம்மா. உங்கட கடிதத்த நான் நம்புறன்.”

“நம்புறாராமா?”

“ஓம். நம்புறாராம். ஏமாத்துற எண்ணம் இருக்கல்ல எண்டு விளங்குதாம். உங்கட மகள் கெட்டிக்காரி எண்டும் தெரியுமாம்.”

“ம்.”

அடுத்த வரியில் சனூஸா நின்றாள். அதை மாற்றிச் சொல்லியிருக்கலாம். உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இன்னும் யோசிக்கிறாராம் என்று சொன்னால்கூட அந்த முகம் ஒரு மாதம் தாங்கும். இல்லாத ஒரு வரியை அந்த இடத்தில் வைப்பது அவ்வளவு இலேசாக இருந்தது. அவள் உள்ளதையே சொன்னாள்.

“ஆனா, குழுவில உள்ள மத்த ஆக்கள் ஒத்துக்கொள்ளல்லயாம். பாக்காம எழுதின எண் உள்ள தரவ வெச்சு இடம் குடுக்க ஏலாதாம். இடத்த வேற ஒராளுக்குக் குடுத்தாச்சாம். அடுத்த வருசத்தோட குழுவும் கலையிதாம். மன்னிக்கச் செல்றார்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் உம்மா.”

சித்தி பரீதா எழுந்துபோய்க் கம்பளியைக் கொடியில் இருந்து எடுத்து, நன்றாக மடித்து, அலுமாரிக்குள் வைத்தார்.

சனூஸா இன்றும் அதே உத்தியோகத்தில்தான் இருக்கிறாள். வேறு இரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தாள், முந்தின மறுப்பைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள், அதோடு நின்றுவிட்டது. மூதூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு விபரம் எடுக்க அவளை அனுப்புவார்கள். பூட்டிய வீட்டின் படிவத்தை வெறுமையாகக் கொண்டுவந்து வைப்பாள். “பக்கத்து வீட்டில கேட்டு நிரப்பிக்கொண்டு வாறதுக்கு என்ன மிஸ்?” என்று மேலதிகாரி சினப்பார். “ஆள் இருக்கல்ல சேர்” என்பாள்.

சித்தி பரீதாவிடம் இப்போதும் சனம் படிவம் கொண்டு போகிறது. அவர் வாங்குவதில்லை. “கண் தெரியுதில்ல புள்ள, வேற ஆரிட்டயும் குடுங்க” என்கிறார். அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. போன வாரம்கூட அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பேனையைத்தான் தொடுகிறாரில்லை. மகள் சூரியனைப் பற்றி ஏதாவது கதைக்கத் தொடங்கினால் எழுந்து குசினிக்குள் போய்விடுகிறார்.

இதை வாசித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். பிள்ளையின் படிப்புக்காக வீட்டில் எதையாவது அளந்து, எண்ணி, எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு முதலில் சொல்லுங்கள். அவர்களிடம் வேலை ஒப்படைக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட முதலில் சொல்லுங்கள். சொல்லும்போது சித்தி பரீதாவைத் தாழ்த்திச் சொல்லிவிடாதீர்கள்.